வேலியில் எரிந்த முப்பத்தாறு வாட்

வதனி தடைச் சுருள்களின் செப்பு முனைகளைச் சாண்ட் பேப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாரி தொடங்கினால் வாரத்தில் இரண்டு தரம் இந்த வேலை இருக்கும். பள்ளிக்கூடத்துப் பௌதிக ஆய்வுகூடத்தின் ஜன்னல்கள் வாவிப் பக்கம் திறப்பவை. அலுமாரிக்குள் பூட்டி வைத்தாலும் செப்பில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். களிம்போடு வயரைப் பூட்டினால் பிள்ளைகளின் விடை பிழைக்கும். பிழைத்தால் சேர்மார் முதலில் பார்ப்பது பிள்ளையின் கொப்பியை அல்ல, வதனியின் முகத்தை.

பத்தொன்பது வருடமாக அவள் அங்கே ஆய்வுகூட உதவியாளர். பிள்ளைகளுக்கு லாப் அக்கா. அவள் படித்த காலத்தில் அவளுடைய பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பிக்க ஆள் இல்லை. சண்டை நேரம். சாதாரண தரப் பரீட்சையோடு நின்றுபோனாள். பிறகு இந்த ஆய்வுகூடத்தின் பின்சுவரோடு நின்று, வருடத்துக்கு வருடம் அதே பாடத்தைக் கேட்டுக் கேட்டே படித்தாள். வோல்ற்றை அம்பியரால் பிரித்தால் தடை. வோல்ற்றை அம்பியரால் பெருக்கினால் வலு. அம்பியர்மானியைத் தொடராகப் பூட்ட வேண்டும், வோல்ற்றுமானியைச் சமாந்தரமாக. ஒவ்வொரு வருடமும் எவனாவது மாற்றிப் பூட்டிப் பியூசை எரிப்பான். எரிந்த பியூஸ்களை அவள் ஒரு ஜாம் போத்தலில் சேர்த்து வைத்திருந்தாள். பௌதிகம் படிப்பிக்கும் ஜொய்சன் சேர் புதுப் பிள்ளைகளுக்கு அந்தப் போத்தலைக் காட்டி, இதுதான் லாப் அக்காவின் சீதனம் என்பார்.

அவளுடைய உண்மையான சீதனம் ஆரையம்பதியில் இருந்தது. மூன்று அறை, ஓடு போட்ட வீடு. மகளுக்குக் கல்யாணம் என்றால் வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பெற்றார் பின்வளவில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு போவது அந்தப் பக்கத்து வழக்கம்தான். ஆனால் எல்லாரும் அதை வதனியின் தாய் சீதேவியைப் போலக் கறாராகப் பிடிப்பதில்லை. கல்யாணம் முடிந்த நாலாம் நாள் சீதேவி தன் பானைகளையும் பாயையும் எடுத்துக்கொண்டு, கிணற்றுக்கு அப்பால் இருந்த ஒற்றையறை வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு முன்வீட்டுக்கு வந்தால் குசினி வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே காலடி வைப்பாள். மகளின் சோற்றுப் பானையின் மூடியை ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. பேத்தி பிறந்தபோதுகூட இரவில் பின்வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டு விடிய வந்தாள். வதனிக்கு இது சில நேரம் எரிச்சலாக இருக்கும். என்னை ஆரோ போல நடத்துறீங்க என்று சண்டை பிடிப்பாள். சீதேவி சிரிப்பாள்.

பின்வீட்டுக்குக் கறண்ட் இழுத்தவர் தகப்பன் நல்லரத்தினம். முப்பது வருடம் கோயில்களுக்கு லைற் சோடனை போட்டவர். வைகாசி பிறந்துவிட்டால், கண்ணகி அம்மன் சடங்குக்கு இந்த ஊர் அந்த ஊர் என்று ஆளை வீட்டில் பிடிக்க முடியாது. முன்வீட்டு மீற்றரில் இருந்து வேலியோரமாக ஐம்பத்தைந்து மீற்றருக்கு அவர் தன் சோடனை வயரையே இழுத்தார். கிளுவைக் கதியால்களில் கட்டி, நாலு இடத்தில் முறுக்கிப் பொருத்தி, இன்சுலேசன் ரேப் சுற்றினார். நூறு குஞ்சு பல்பைத் தாங்கிய வயர் ஒரு வீட்டு லைற்றையும் காற்றாடியையும் தாங்காதா என்பது அவருடைய கணக்கு. பிழையான கணக்கும் இல்லை. பதினெட்டு வருடம் தாங்கியது.

சீதேவி நாற்பது வருடம் நெல் அவித்து விற்றவள். அண்டாவுக்குக் கீழே உமியும் விறகும் எரிய எரிய, அந்தப் புகைக்குள்ளேயே நின்றவள். அறுபத்தெட்டு வயதில் கிணற்றடிக்குப் போய்வரவே மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நுரையீரல் இறுகிப்போய்விட்டது, இனி வீட்டில் ஒக்சிசன் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றார். எவ்வளவு காலத்துக்கு என்று வதனி கேட்டாள். ஆறு மாதம், கூடினால் ஒரு வருடம் என்று அவர் வெளியே கூட்டிப்போய்ச் சொன்னார். இதை வதனி தகப்பனுக்கும் சொல்லவில்லை, தாய்க்கும் சொல்லவில்லை.

தருமத்துக்கு உதவும் ஒரு சங்கத்தார் ஒக்சிசன் மெசின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். காற்றை இழுத்து ஒக்சிசனைப் பிரித்துக் குழாயால் மூக்குக்கு அனுப்பும். கறண்ட் இருக்கும் வரைக்கும் ஓடும். அது புஸ் புஸ் என்று ஊதுவதைக் கேட்டு சீதேவி அதற்கு மாடு என்று பெயர் வைத்தாள்.

பகலில் மாடு சாதுவாக நின்றது. பொழுது பட்டால் கத்தத் தொடங்கியது. சிவப்பு லைற் எரிய, கீ கீ என்று நிறுத்தாமல் கத்தும். ஒன்பது மணி போலத் தானாக அடங்கும். சங்கத்தார் பகலில் வந்து பார்த்தார்கள். ஒரு பழுதும் இல்லை. வதனி விடாமல் சொல்லவும் வேறொரு மெசினைக் கொண்டுவந்து தந்தார்கள். அதுவும் பொழுது பட்டால் கத்தியது. கத்தும் நேரத்தில் சீதேவியின் உதடு மங்கிவிடும். பேச்சு ஒவ்வொரு சொல்லாக வரும். "மாடு கத்துது, என்னெண்டு பாருகா" என்பாள் மகளிடம், அந்த நிலையிலும்.

இரண்டு மெசினும் ஒரே மாதிரிக் கத்தினால் பிழை மெசினில் இல்லை. செப்பு முனையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் இது வதனிக்குப் பட்டது. தேய்ப்பதை விட்டுவிட்டுப் போய், ஜொய்சன் சேரிடம் மல்ட்டிமீற்றர் ஒன்றை ஒரு கிழமைக்குக் கேட்டாள். எதற்கு என்று கேட்டார். அம்மாவுக்கு என்றாள். அவர் மறுபேச்சில்லாமல் நல்லதாக ஒன்றைத் தெரிந்து கொடுத்தார்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. பின்னேரம் ஆறரைக்கு, ஊரே சோறு காய்ச்சித் தண்ணீர் இறைக்கும் நேரத்தில், முன்வீட்டில் அளந்தாள். இருநூற்றெட்டு வோல்ற். பின்வீட்டுக்கு வந்தாள். எக்ஸ்டென்சன் வயரில் ஒரு கம்பியை வெட்டி மீற்றரைத் தொடராகப் பூட்டினாள். கட்டிலில் சாய்ந்திருந்த சீதேவி, மாட்டுக்கு நாடி பார்க்கிறாயா என்று கேட்டாள். மெசினும் காற்றாடியும் சேர்ந்து இரண்டு அம்பியர். பிறகு மீற்றரை மாற்றி, பிளக் அடியில் வோல்ற்றைப் பார்த்தாள். நூற்றுத் தொண்ணூறு. மெசினின் முதுகில் ஒட்டியிருந்த தகட்டில், இருநூறுக்குக் கீழே ஓட்ட வேண்டாம் என்று எழுதியிருந்தது.

கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். முன்வீட்டுக்கும் பின்வீட்டுக்கும் இடையில் பதினெட்டு வோல்ற் காணவில்லை. பதினெட்டை இரண்டால் பிரித்தால் ஒன்பது. வயரும் பொருத்துகளும் சேர்ந்து ஒன்பது ஓம் தடை. பதினெட்டை இரண்டால் பெருக்கினால் முப்பத்தாறு. முப்பத்தாறு வாட் வழியிலேயே சூடாகப் போய்க்கொண்டிருந்தது.

கதவடியில் கதிரை போட்டு இருந்த நல்லரத்தினத்திடம் இதைச் சொல்வதுதான் பெரிய பாடாக இருந்தது. பழுது மெசினில் இல்லை, வயரில் என்றாள். அவர் முதலில் கேட்காதவர் போல இருந்தார். பிறகு, பள்ளிக்கூடத்தில் பெட்டி துடைக்கிற ஆள் தனக்குக் கறண்ட் படிப்பிக்க வந்திருப்பதாகச் சீதேவியைப் பார்த்துச் சொன்னார். எத்தனை சடங்கு பார்த்த வயர், ஒரு நாள் ஒரு பல்பு அணைந்திருக்குமா என்றார். வதனி கோபப்படவில்லை. குஞ்சு பல்புக்கு இந்த வயர் காணும், மெசின் அவ்வளவையும் சேர்த்து இழுக்குது, நீளமும் கூட என்று தாளைக் காட்டினாள். அவர் தாளை வாங்கவில்லை.

"அப்ப, என்ர வேலியில ஒரு நாப்பது வாட் பல்பு எரியுதெண்டு சொல்லுறாய்."

"கிட்டத்தட்ட. வெளிச்சம் மட்டும் தெரியாது அப்பா."

அவர் எழும்பி வெளியே போனார். மம்மல் இருட்டில் வேலியோரமாக வயரைக் கையால் தடவிக்கொண்டே நடந்தார். கிணற்றடிக் கிளுவையில் இருந்த பொருத்தில் கை நின்றது. கொஞ்ச நேரம் உள்ளங்கையால் அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது, நல்ல தடித்த கேபிளாகப் பார்த்து வாங்கச் சொன்னார். சனிக்கிழமை தானே இழுப்பதாகவும், வேறு ஒருவரும் வேலிக்குக் கை வைக்கக் கூடாது என்றும் சொன்னார். அவருக்கு எழுபத்திரண்டு வயது.

அடுத்த நாள் வதனி பள்ளிக்கூடம் விட்டதும் காத்தான்குடிக்குப் போய், பாறூக் நானாவின் கடையில் அறுபது மீற்றர் வாங்கினாள். இது மோட்டருக்குப் போடுற கேபிள், வீட்டுக்குள்ள மில் நடத்தப் போறியா தங்கச்சி என்று அவர் பகிடி விட்டார். எதற்கென்று அறிந்ததும் பகிடியை நிறுத்திவிட்டுக் கூட இரண்டு மீற்றர் அளந்து போட்டார்.

கேபிள் முன்வீட்டு மேசைக்குக் கீழே சுருளாகக் கிடந்தது. வதனியின் புருசன் சதீசன் அன்றிரவே லொறியோடு கொழும்புக்குப் போக இருந்தான். போகமுதல், நிலத்தால் கேபிளை விரித்து இரண்டு நாளைக்கு மெசினை ஓட்டினால் என்ன, பத்து நிமிட வேலை என்றான். நல்லரத்தினம் ஒரேயடியாக மறுத்துவிட்டார். ஒரு சடங்கு மழையில், நிலத்தில் கிடந்த வேறொருவரின் வயரை மிதித்த மாடு அவருடைய கண்முன்னே விழுந்து செத்தது. மாட்டைப் பிடித்துவந்தவன் ஓர் அடி பின்னால் நின்றதால் தப்பினான். அன்றிலிருந்து நிலத்தில் வயர் போட்டதில்லை. மாரி மழை, கோழி, ஆடு, பேத்தி ஓடித்திரிகிறாள். அவர் சொன்னது சரி என்று வதனிக்கும் பட்டது. ஆய்வுகூடத்திலும் ஈர நிலத்தில் வயர் கிடந்தால் அவள் முதலில் மெயின் ஸ்விட்சைத்தான் நிப்பாட்டுவாள்.

அப்படியென்றால் அம்மா முன்வீட்டுக்கு வரட்டும் என்றாள். மூன்று நாளைக்கு மட்டும். அங்கே இருநூற்றெட்டு இருக்கிறது, மெசின் கத்தாது. சீதேவி தலையாட்டிக்கொண்டு கேட்டாள். கட்டிலையே தூக்கிக்கொண்டு போகலாம் என்றாள் வதனி. அம்மா ஒரு சாமானும் தொடத் தேவையில்லை என்றும் சொன்னாள்.

"குடுத்த வீட்டில திரும்பிப் போய்ப் படுக்கிறதா புள்ள? சனிக்கிழமை வரைக்கும் கத்திட்டுப் போகட்டும். நான் பழகிட்டன்."

வதனி மேலும் மன்றாடியிருக்கலாம். மன்றாடவில்லை. தகப்பன் வயரை விட்டுக் கொடுத்திருந்தார், தாயிடமும் ஒன்றை அதே கிழமை பிடுங்க வேண்டாம் என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்தில் இருந்து மழை. ஆறரைக்கு மெசின் கத்தத் தொடங்கியபோது வதனி பின்வீட்டில்தான் இருந்தாள். மற்ற நாட்களைவிடத் தாயின் மூச்சு குறுகியிருந்தது. விரல் நகம் நீலம். வதனி அம்புலன்சுக்குப் போன் எடுத்தாள். முன்வீட்டில் இருந்து மீற்றரைக் கொண்டுவந்து பிளக் அடியில் குத்தினாள். நூற்றெண்பத்தேழு.

காற்றாடியை நிப்பாட்டினாள். லைற்றை நிப்பாட்டி மெழுகுதிரி கொளுத்தினாள். நூற்றுத் தொண்ணூறு. முன்வீட்டுக்கு ஓடி, மகளிடம் எல்லாவற்றையும் நிப்பாட்டச் சொல்லிவிட்டு, மழைக்குள்ளேயே பக்கத்து வீட்டுக்குப் போனாள். றோஸ்மேரி அக்கா மோட்டர் போட்டுத் தொட்டி நிரப்பிக்கொண்டிருந்தார். வதனி கதவடியில் நின்று, மோட்டரை நிப்பாட்டுங்க அக்கா, அம்மாட மெசினுக்கு வோல்ற் காணாது என்றாள். றோஸ்மேரிக்கு விளங்கியதோ இல்லையோ, மோட்டரை நிப்பாட்டினார், சோற்றுக் குக்கரையும் பிடுங்கினார். பிறகு குடையும் எடுக்காமல் அடுத்த வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். அங்கிருந்து யாரோ அதற்கு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். ஒழுங்கையில் ஒவ்வொரு வீடாக லைற் அணைந்துகொண்டு வந்தது.

வதனி திரும்பி வந்து மீற்றரைப் பார்த்தாள். நூற்றுத் தொண்ணூற்றேழு. மெசின் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. மூன்று வோல்ற் குறைவு.

நல்லரத்தினம் கட்டிலடியில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். மீற்றரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"நிலத்தால இழு புள்ள" என்றார்.

அவள் போய் மேசைக்குக் கீழே கிடந்த கேபிளை இழுத்தெடுத்தாள். மகள் ரோர்ச் பிடித்தாள். சுருள் புதுசு, முறுக்கு விடாமல் நின்றது. மழைச் சேற்றில் கிணற்றடி வரைக்கும் விரித்துவிட்டு, முன்வீட்டு விறாந்தையில் குந்தியிருந்து பிளக்கைப் பூட்டத் தொடங்கினாள். பத்தொன்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் முனை பூட்டிய கை அது. ஆணி திருப்புளிக்குப் பிடிபடவில்லை. இரண்டாவது ஆணியை இறுக்கிக்கொண்டிருக்கும்போது மெசின் கத்துவது நின்றது. வோல்ற் ஏறிவிட்டது என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே ஆணியை முழுதாக இறுக்கியும் முடித்தாள்.

தகப்பன்தான் மெசினை நிப்பாட்டியிருந்தார்.

அம்புலன்ஸ் வந்தபோது ஒழுங்கை முழுக்க இருட்டாகவே இருந்தது. வந்த இரண்டு பெடியன்களும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக வீடுகளில் லைற் வந்தது.

எட்டும் முடிந்தது, முப்பத்தோராம் நாளும் முடிந்தது. செத்த வீட்டுக்கு வந்த எல்லாரும், அவ்வளவு நாள் இழுத்ததே பெரிய விசயம் என்றார்கள். வதனியும் ஓம் என்றாள். வயரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சங்கத்தார் மெசினை எடுக்க வருவதாகப் போன் பண்ணினார்கள். இன்னும் இரண்டு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டார் நல்லரத்தினம். எதற்கு என்று வதனிக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் அவள் பள்ளிக்கூடத்தால் வர, வேலியோரத்தில் புதுக் கம்புகள் நின்றன. கேபிள் தலைக்கு மேலே இரண்டு முழம் உயரத்தில், ஒரு தொய்வும் இல்லாமல், ஒரு பொருத்தும் இல்லாமல், முன்வீட்டில் இருந்து பின்வீடு வரைக்கும் நேராகப் போனது. சதீசன் தான் உதவி செய்ய வந்ததாகவும் மாமா ஏணியைக்கூடப் பிடிக்க விடவில்லை என்றும் சொன்னான். பழைய வயர் அறுக்கப்பட்டுக் கிணற்றடியில் குவியலாகக் கிடந்தது.

பொழுது பட, நல்லரத்தினம் குசினி வாசலில் வந்து நின்று அவளைக் கூப்பிட்டார். மீற்றர் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. ஜொய்சன் சேர் அதைத் திருப்பிக் கேட்கவே இல்லை.

ஆறரைக்கு முன்வீட்டில் அளந்தாள். இருநூற்றாறு. பின்வீட்டுக்குப் போனார்கள். கட்டிலில் பாய் சுருட்டிக் கிடந்தது. அவர் காற்றாடியைப் போட்டார். மெசினைப் போட்டார். அது புஸ் என்று ஊதத் தொடங்கியது. மூக்குக் குழாய் கட்டில் சட்டத்தில் தொங்கி ஆடியது. அவள் பிளக் அடியில் மீற்றரைக் குத்தினாள்.

இருநூற்றுநாலு என்றாள்.

அவர் வாய்க்குள் கணக்குப் போட்டார். இரண்டு வோல்ற், இரண்டு அம்பியர். ஒரு ஓம் என்றார். நாலு வாட். அவருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கலண்டர் தாள் அவருடைய சேட்டுப் பையில் நாலாக மடித்து இருந்ததை வதனி அப்போதுதான் கண்டாள்.

இருவரும் நின்றார்கள். ஐந்து நிமிடம் போனது, பத்து நிமிடமும் போனது. வெளியே ஊர் சோறு காய்ச்சியது, யாரோ மோட்டர் போட்டார்கள். காற்றாடி ஒரு கணம் தயங்கி மறுபடி சுற்றியது. பச்சை லைற் பச்சையாகவே நின்றது. மெசின் கத்தவில்லை.

"அண்டைக்கு இது இருந்திருந்தா" என்றார் அவர். மெசினைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார். "உன்ர அம்மா இருந்திருப்பாளா மகள்?"

ஆறு மாதம், கூடினால் ஒரு வருடம் என்று டாக்டர் சொன்னது அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. அப்படிச் சொன்னால், அந்த ஆறு மாதத்தில் இரண்டு மாதம்தானே போயிருந்தது என்பார். இல்லை என்று சொல்லலாம். பையில் தாளை வைத்திருக்கிற மனுசனுக்கு அது பொய் என்று தெரியும். ஓம் என்றும் சொல்ல முடியாது. கேபிள் மூன்று நாள் கிடந்தது அவளுடைய மேசைக்குக் கீழே. மீற்றரின் இரண்டு முள்ளையும் பிளக்கில் இருந்து எடுத்து, வயரை அதன் உடம்பில் சுற்றத் தொடங்கினாள். சுற்றி முடித்த பிறகும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

நல்லரத்தினம் அவளுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு மெசினை நிப்பாட்டினார். காற்றாடியை நிப்பாட்டினார். கதவு நிலையில் தலை இடிபடாமல் குனிந்து, வெளியே போனார்.